ஏழாம் மடைக்காரி நெல் அளந்த கதை

நெடுங்காலத்துக்கு முன்பு, யானைகளுக்குக் கரும்பும் அரசனுக்குப் புகழ்ச்சியும் ஒருநாளும் குறையாத ஒரு நாட்டை நெடுங்குடையான் என்பவன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எண்ணமே அதிகம் கிடையாது என்பது வேறு விஷயம். பெரியதெல்லாம் நல்லது என்று நம்பினான், அவ்வளவுதான். பெரிய யானை, பெரிய குடை, பெரிய மீசை. மீசை சிறுத்த மந்திரிக்கு அவன் சபையில் பேச இடம் கிடைக்காது.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் திடீரென்று உழவின் மேல் அக்கறை வந்துவிட்டது. பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள்.

ஏழுமடை என்ற ஊருக்கு முரசு வந்தது. "அறுவடை முடிந்ததும் அரசர் நேரில் வருவார்! யார் களத்தில் நெற்குவியல் மிக உயரமோ, அவருக்கே ஏழு ஆண்டுகளுக்கு மடைக்கோல்!"

மடைக்கோல் என்பது மடைப் பலகையைத் தூக்கித் தண்ணீரைத் திறக்கும் நீண்ட கோல். அந்த ஊர் ஏரியிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால்தான் புறப்பட்டது. அதில் ஏழு மடைகள். அதுவரை கோல் ஊர்ப்பொதுவில் இருந்தது, முறை வைத்துத் திறந்தார்கள். இனி கோல் யார் கையிலோ, தண்ணீரும் அவர் கையில்தான்.

முதல் மடையில் இருந்தது அம்பலவாணக் கிழாரின் நிலம். ஊரிலேயே பெரிய நிலம், பெரிய தொந்தி, பெரிய பேச்சு. கடைசி மடையில் இருந்தது சடைச்சியின் நிலம். ஒரு காணி. அதை நம்பி நான்கு வயிறுகள்.

கிழார் தொடை தட்டிக் கிளம்பினார். ஊர்க் களஞ்சியத்திலிருந்து வழக்கத்தைப் போல மூன்று மடங்கு விதை எடுத்தார். விரல் நுழைய இடமில்லாமல் நாற்று நட்டார். நான்கு ஊர் ஆடுகளைக் கொண்டுவந்து எருவுக்காக வயலில் கிடை போட்டார். களை எடுக்க, காவல் காக்க, பார்த்துப் பெருமூச்சு விட என்று முந்நூறு ஆள் வைத்தார். தண்ணீர் திறப்பவனுக்கு இரண்டு புது வேட்டி கொடுத்து வேறு பக்கம் பார்க்கச் சொன்னார். அவர் வயலில் எந்நேரமும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பயிருக்கு அல்ல, தவளைக்குத்தான் அந்த வருஷம் யோகம்.

சடைச்சிக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை வந்தது, மாடு குடித்துவிட்டுப் போன மிச்சம் போன்ற தண்ணீர். அவள் என்ன செய்வாள்? நிலத்தில் முதலில் கொழிஞ்சி விதைத்து, அதையே மடக்கி உழுது உரமாக்கினாள். வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு விதைதான் எடுத்தாள். சாணுக்கு ஒரு நாற்றாக இடம்விட்டு நட்டாள். சேற்றில் முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் மட்டும் நீர் விட்டாள்.

கிழார் வரப்பில் நின்று சிரித்தார். "ஏ சடைச்சி! நாத்து நடுறியா, வாசல்ல புள்ளி வச்சிக் கோலம் போடுறியா?"

"புள்ளி வச்சாத்தானே ஐயா கோடு இழுக்க இடமிருக்கும்," என்றாள் சடைச்சி, நிமிராமலே.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். கோல் கிழார் கைக்குப் போனால் அந்த எட்டு நாள் தண்ணீரும் வராது. அதன்பிறகு அந்த ஒரு காணியில் பிள்ளைகள் பம்பரம்தான் விடலாம்.

தை பிறந்தது. அரசன் வந்தான். மூன்று யானை, முப்பது குடை, முந்நூறு மீசையோடு வந்தான்.

அந்த ஊர்க் களத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குவித்த நெல்லை உடனே அளக்க மாட்டார்கள். முதலில் தூற்றிப் பதரை நீக்குவார்கள். பிறகு அந்த நெல் விளைய விதை, எரு, உழைப்பு என்று யார் யார் கொடுத்தார்களோ அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சியதை அளக்கத்தான் மரக்கால் வரும். அந்த ஆண்டு மட்டும் கிழார் எல்லோரையும் தடுத்துவிட்டார். "ராசா பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் வாங்கிக்குங்க."

அதனால் கிழாரின் குவியல் யானையின் முதுகு வரை எழுந்து நின்றது. சடைச்சியின் குவியலோ யானையின் முழங்காலைத் தாண்டவில்லை. போதாததற்கு அவள் முன்பே தூற்றி, பங்குகளையும் கொடுத்து முடித்திருந்தாள்.

"ஆகா!" என்றான் அரசன். "ஆகா! ஆகா!" என்றார்கள் மந்திரிகள், ஆளுக்கு ஒன்று கூடுதலாக. அரசன் கோலை எடுத்துக் கிழாரிடம் நீட்டினான்.

சடைச்சி கை கூப்பி முன்னால் வந்தாள். "ராசா, எங்க களத்துல ஒரு வழக்கம் இருக்கு. வயலு தின்னதைக் கழிச்சிட்டுத்தான் அளப்போம். இன்னிக்கும் அப்படியே அளக்கச் சொல்லுங்க."

கிழாருக்கு முகம் வெளுத்தது. அரசனுக்கோ இவ்வளவு பெரிய குவியலிலிருந்து நாலு கூடை போனால் என்ன என்று நினைப்பு. "கழியுங்கள்!" என்றான்.

முதலில் தூற்றினார்கள். நெருக்கி நட்ட பயிரில் மணி முற்ற வழி ஏது? பாதிக்குப் பாதி பதர். காற்று அதை அள்ளி அரசனின் கிரீடத்தில் கொட்டியது. மந்திரிகள் முறை வைத்துத் தும்மினார்கள். குவியல் யானையின் வயிற்றுக்கு இறங்கியது.

ஊர்க் களஞ்சியக்காரர் வந்து விதைக்கு உரியதை எடுத்தார். ஆடு மேய்ப்பவர்கள் வந்து கிடைக்கு உரியதை எடுத்தார்கள். கடைசியாக முந்நூறு ஆள் வரிசையில் வந்தது, ஆளுக்கொரு கூடையோடு. இருநூறாவது ஆள் குனிந்தபோது குவியல் தீர்ந்து துடைப்பம் தரையைத் தொட்டது. மிச்சம் நூறு பேர் வெறுங்கூடையோடு கிழாரைப் பார்த்தார்கள். கிழார் வானத்தைப் பார்த்தார்.

அப்போது ஐந்தாம் மடைக்காரர்களும் ஆறாம் மடைக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் கையில் கூடை இல்லை. காய்ந்துபோன கதிர்தான் இருந்தது.

"எங்க தண்ணியும் இந்தக் குவியல்லதான் இருந்துச்சு ராசா," என்றார் அவர்களில் ஒருவர். "அதை எந்த மரக்கால்ல அளந்து குடுப்பாரு?"

அரசன் நீட்டிய கோலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

சடைச்சியின் குவியலை அளந்தார்கள். பன்னிரண்டு கலம். முழங்கால் உயரக் குவியல்தான், ஆனால் அதில் ஒரு மணிகூட இன்னொருவருடையது அல்ல.

அரசன் கோலை அவளிடம் நீட்டினான். அவள் உடனே வாங்கவில்லை. "ராசா, இனிமே கோலு யார் கையில இருக்கோ அவங்க வயலுக்குக் கடைசித் தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுங்க. அப்பத்தான் முன்னால இருக்கிற வயல்ல தண்ணி வீணாத் தேங்காமப் பாத்துப்பாங்க."

அரசன் கிழார் பக்கம் திரும்பினான். "இப்படியென்றால் நீர் வாங்கிக்கொள்கிறீரா?"

கிழார் இரண்டடி பின்வாங்கினார். கோல் சடைச்சியின் கைக்கு வந்தது. அந்த நொடியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு ராசா," என்றாள்.

"என்ன?"

"நீங்க வந்ததுலேர்ந்து உங்க யானை மூணும் என் வைக்கோல் போரைத் தின்னுக்கிட்டிருக்கு. என் மாட்டுக்கு வருஷம் பூரா அதான் தீனி. உங்க குவியலையும் கழிச்சித்தான் அளக்கணும், இல்லையா?"

நெடுங்குடையான் யானைகளைப் பார்த்தான். குடைகளைப் பார்த்தான். மீசைகளைப் பார்த்தான். பிறகு மூன்று வண்டி வைக்கோல் அனுப்ப உத்தரவிட்டுவிட்டு, நடந்தே ஊர் திரும்பினான். அடுத்த ஆண்டு அவன் அங்கே ஒற்றைக் குதிரையில் வந்தான். அதை நாட்டிலேயே மிகப் பெரிய சிக்கனம் என்று மந்திரிகள் மூன்று நாள் விழா எடுத்துக் கொண்டாடினார்கள்.

கேட்டீர்களா, எவ்வளவு விளைந்தது என்பதல்ல, விளைவிக்கத் தின்றதைக் கழித்தபின் எவ்வளவு மிஞ்சியது என்பதே விளைச்சல்.