பதினேழாம் நாள் பனி

“என் கணக்கு தப்பாது, குருவம்மா. எலிதான் என்னை ஏமாத்திடுச்சு” என்றான் தோந்துப்.

குரு பல்மோ கிழிந்த காலணியைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பனிமலை மடத்தில் தோந்துப் ஒன்பது வருடமாகச் சீடன். குருவைவிடப் பத்து வயது மூத்தவன். அதில் அவனுக்கு உள்ளூரக் கடுப்பு உண்டு.

ஆனால் அவனுக்கென்று ஒரு பெருமையும் இருந்தது. வரப்போகும் குளிரில் பனி எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். பாறை இடுக்கில் வாழும் வாலில்லாத எலிகள் குளிர்காலத்துக்காகப் புல்லை வெட்டிக் காயவைத்துக் குவிக்கும். அந்தக் குவியல்களை எண்ணுவான். நிறைய இருந்தால் கடும்பனி. குறைவாக இருந்தால் லேசான பனி.

ஏழு வருடம் பலித்தது. போன வருடம் மண்ணைக் கவ்வினான்.

அதற்குப் பதில் கேட்க இப்போது வாசலில் யுத்ரோன் நின்றாள். கீழ் ஊர்க்காரி. கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ‘லேசான பனி’ என்று இவன் சொன்னதை நம்பி, மாட்டுக் கொட்டகைக்கு முட்டுக் கொடுக்காமல் விட்டாள். அந்த ஊரில் எல்லாமே தட்டையான மண்கூரை. பனி ஏறிக் கூரை விழுந்தது. இரண்டு மாடுகளில் ஒன்று உள்ளேயே செத்தது.

“இருக்கிற ஒரு மாடும் சினை. நடுக்குளிர்ல ஈனும்” என்றாள். “இன்னும் நாலு நாள்ல கணவாய் மூடிடும். மாட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டா, என் பிள்ளைங்களுக்குச் சொட்டுப் பால் கிடையாது. வெச்சுக்கிட்டா, மறுபடியும் கூரை விழுந்தா, மாடே கிடையாது. இந்த வருஷம் பனி எப்படி? ஒழுங்கா சொல்லுங்க சாமி.”

“போன வருஷம் எலி குறைவாத்தான் புல் சேர்த்துச்சு. நான் என்ன செய்ய?”

“எந்தச் சரிவுல எண்ணினீங்க?”

“கிழக்குச் சரிவுல.”

யுத்ரோன் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அங்கே புரட்டாசி முழுக்க எங்க ஊர் ஆடுங்க மேஞ்சுது! மொட்டையாக்கிட்டுத்தான் இறங்குச்சு. எலி புல்லுக்கு எங்கே போகும்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

தோந்துப்பின் முகம் சிவந்தது. ஒரு ஆடு மேய்க்கிறவள் தன் எட்டு வருட வித்தையை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டாளே என்று எரிந்தது. அந்த எரிச்சலை அவள்மேல் காட்ட முடியவில்லை. குருவின் பக்கம் திரும்பினான்.

“எல்லாம் உங்களாலதான்! ஒன்பது வருஷமா கேக்குறேன். உண்மையான அடையாளம் எதுன்னு ஒரு நாளாவது சொல்லிக் குடுத்தீங்களா? சும்மா செருப்புத் தைச்சுக்கிட்டே இருக்கீங்க!”

பல்மோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“கொட்டகை எந்த நாள் விழுந்துச்சு?” என்று அவனிடமே கேட்டார்.

“பனி தொடங்கின பதினேழாம் நாள். உச்சி நேரம்.”

“அன்னைக்கு எவ்வளவு பனி?”

“மூணு முழம் ஏழு விரல்.”

“அவ்வளவு சரியாவா?”

“நம்ம கூரை மேல நின்னு நான்தானே அளந்தேன்!” இதிலாவது குறை கண்டுபிடிக்க முடியாது என்ற நிமிர்வு குரலில் இருந்தது.

“அங்கேருந்து இவ கொட்டகை தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“என்ன தெரிஞ்சுது?”

“இவங்களும் ரெண்டு பிள்ளைங்களும் கூரை மேல ஏறிப் பனியைத் தள்ளிக்கிட்டிருந்தாங்க. தள்ளத் தள்ள விழுந்துக்கிட்டே இருந்துச்சு. சின்னப் பொண்ணு உட்கார்ந்துட்டா, அவளுக்கு முடியல. அப்புறம் உத்திரம் முறியுற சத்தம். மூணு பேரும் குதிச்சு...”



யுத்ரோன் ஓரடி முன்னால் வந்தாள்.

“பார்த்துக்கிட்டா இருந்தீங்க?”

அவன் பின்னால் நகர்ந்தான்.

“யாருக்குமே தெரியலைன்னு நினைச்சிருந்தேன். அப்படி நினைச்சுத்தான் மனசை ஆத்திக்கிட்டேன். நீங்க முழுசா பார்த்திருக்கீங்க. பார்த்துட்டு, விரல் கணக்கு எழுதியிருக்கீங்க!”

அவள் குரலில் அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம்.

பல்மோ தைத்து முடித்த காலணியைத் தோந்துப்பின் காலடியில் போட்டார். அது அவனுடையதுதான்.

வெளியே காற்று எழுந்தது. வடக்குச் சிகரத்தின்மேல் மேகம் கட்டியிருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாகத் தோந்துப் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கடைசியா கேக்குறேன்” என்றாள் யுத்ரோன். “மாட்டை அனுப்பவா, வெச்சுக்கவா?”

“வெச்சுக்கங்க.”

“அப்போ பனி கம்மியா?”

“தெரியாது.”

“தெரியாதா? அப்புறம் எந்தத் தைரியத்துல வெச்சுக்கச் சொல்றீங்க?”

தோந்துப் குனிந்து காலணியை மாட்டினான். வாரை இறுக்கிக் கட்டினான்.

“கொட்டகை மேல ஏற ஏணி இருக்கா?” என்று கேட்டான்.