காந்திமதி விட்டுப்போன வீணை

தீர்ப்புச் சொல்லும் வேலையை முடிவில் உங்களிடம் ஒப்படைக்கப் போகிறேன். ஆகவே இதில் வருகிற யாரையும் சட்டென்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பவில்லை.

திருநெல்வேலியில் என் அடுத்த வீட்டுக்காரர் திருஞானம். கடைத் தராசுகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று முப்பது வருடம் தடவிப் பார்த்தவருக்கு மனிதர்களிடமும் அதே சந்தேகம். மற்றபடி தொந்தரவில்லாத மனிதர். விடிந்ததும் அவருடைய ரேடியோவில் வீணைப் பாடம் வரும். பாதியில் திக்கி நின்று மறுபடி முதலிலிருந்து வரும். பழைய ரேடியோ, அது ஒன்றுதான் எரிச்சல்.

மனைவி காந்திமதி இறந்து மூன்று வருடம் ஆகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரே மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "வீட்டைக் காலி பண்ணிட்டு வெள்ளிக்கிழமை வந்துருங்கப்பா. அம்மா வீணைக்கு இங்க எடமில்ல, யாருக்காவது குடுத்துருங்க."

வாசித்துச் சந்தோஷப்படுகிற ஆளுக்குத்தான் கொடுப்பேன் என்று அறிவித்த திருஞானம், சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். வாசலில் மெஸ்காரர் வழக்கம்போல் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் கேரியரையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே திருஞானத்தின் இடது கையில் இரண்டு விரல் நுனிகளில் பிளாஸ்திரி.

"காய் நறுக்கும்போது பட்டுட்டு" என்றார்.

முதலில் பகவதி டீச்சர் வந்தார். அவரிடம் பதினொரு பிள்ளைகள் வீணை படிக்கிறார்கள். "பதினொரு பேர் கை பட்டா மெட்டுகள ஒட்டியிருக்கிற மெழுகு தாங்காதும்மா" என்று திருஞானம் அனுப்பிவிட்டார். எனக்கும் டீச்சர்மேல் நம்பிக்கையில்லை. வீணையைத் தொடுவதற்கு முன்பே உறையும் சேர்த்துத்தானே என்று கேட்டார்.

அடுத்து வங்கி மேலாளர் கோமதிநாயகம். காந்திமதி அம்மாளின் நினைவாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவேன் என்றார். சொல்லும்போதே டேப்பால் நீளம் அளந்தார். அவரும் போனார்.

கடைசியாக வந்தவள் செண்பகவல்லி, ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு வருடமாக வீணை பழகுகிறாள். "டியூட்டி முடிஞ்சு அரை மணி நேரம் வாசிச்சாத்தான் அன்னிக்கு நான் மனுசி, ஐயா" என்றாள்.

வீணைப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் இருந்தது. விரல் வழுக்கிப் போக அதைத் தொட்டுக்கொண்டாள். காறல் வாடை கொஞ்சமும் இல்லை. வாசிக்கத் தொடங்கினாள்.

"பஞ்சமத் தந்தி எறங்கியிருக்கு. மொதல்ல அத ஏத்து" என்றார் திருஞானம். உடனே என் பக்கம் திரும்பி, "எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. காந்திமதி சொல்லிக் கேட்டது" என்றார்.

நன்றாக வாசித்தாள். முகமே மலர்ந்துவிட்டது. "இந்தப் பிள்ளைக்கே குடுத்துருங்க அண்ணாச்சி" என்றேன்.

"இன்னிக்கு ஆசை. நாளைக்கு மூலையில போட்டுட்டா?" என்றார். வீணையின் குடத்தில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

யாருக்கோ ரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டு நம்மை வைத்து நாடகம் ஆடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. செண்பகவல்லி கோபப்படவில்லை. "வெரல்ல என்ன காயம், காட்டுங்க ஐயா" என்றாள். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள்: வீணை யாரிடம் இருப்பது சரி?

விடை: திருஞானத்திடமே. செண்பகவல்லி விடாமல் கையைப் பிடித்துப் பிளாஸ்திரியை உரித்தாள். வெட்டுக்காயம் இல்லை. தந்தி பதிந்த இரண்டு கறுப்புக் கோடுகள், மேலே கொப்புளம். தினமும் என் சுவருக்கு அந்தப் பக்கம் திக்கியது ரேடியோவே இல்லை. "அவ இருந்தவரைக்கும் 'ஏட்டி, நிறுத்து அந்த டொய்ங்டொய்ங்க'ன்னு ஏசுனவன் நான். இப்ப இதுதான் எனக்கு இருக்குன்னு மககிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல?" என்று அழுதுவிட்டார். செண்பகவல்லி அவருடைய போனை எடுத்து அவர் மகளைக் கூப்பிட்டு, "ஒங்கப்பா வாசிக்காங்க, கேளுங்க" என்று அதை வீணை அருகில் பிடித்தாள். திருஞானம் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வாசித்தார்; வழக்கமான இடத்தில் திக்கினார்; மறுபடி முதலிலிருந்து வாசித்தார். போனில் மகள் சொன்னாள்: "கட்டில வேணும்னா அங்கயே விட்டுருங்கப்பா. வீணையக் கொண்டாங்க."