ஓடாத காரும் மூணு சட்டையும்

சேர்மன் தாண்டவராயனுக்கு ஒரே குழப்பம். காரின் சிந்தெடிக் எஞ்சின் ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது வண்டியோடு வந்த புத்தகம். மச்சினன் பதினைந்தாயிரம் என்கிறான். வண்டி மூவாயிரம்கூட ஓடவில்லை, அதற்குள் மாற்றச் சொல்கிறான் டிரைவர் சூசை.

“நிக்கிற வண்டியில ஆயில் எப்படிடா கெடும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, இல்லன்னா சாவியை வச்சிட்டுப் போ!”

கல்யாணமோ கருமாதியோ, அவர் திரும்பும்வரை ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சேர்மனின் உத்தரவு.

சூசை பணிவாகக் கேட்டான்: “ஐயா, இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்தீங்க?”

“எங்கடா நடந்தேன்? வெயில்ல மேடையிலேயே உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் எதுக்குங்கய்யா மூணு சட்டை மாத்துனீங்க?”

சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சேர்மன் குனிந்து அக்குளைப் பார்த்தார். நாலாவது சட்டையும் நனைந்திருந்தது.

“சரி சரி, வண்டிக்கும் மாத்திரு.”