இடது காலில் ஒரு கட்டு

“பயலுவ சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கானுவ, ஆசானே!”

கால்பந்து கோச் கிளீட்டஸ் நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கணுக்கால் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. நேற்றும் தோற்ற ஆத்திரத்தில் கோல்போஸ்ட்டை ஓங்கி உதைத்திருந்தார். கோல்போஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வர்ம வைத்தியர் தாணுலிங்க ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

“அப்படி என்ன வே சொன்னீரு?”

“நம்ம டீம்ல இனிகோ பயல வலது ஓரத்துல ஆடச் சொன்னேன். ‘எனக்கு எடங்காலுதான் வரும் கோச்’ங்கான். எனக்கே பாடம் எடுக்கான்!”

“அவனுக்கு எடங்காலுதானா?”

“இருந்துட்டுப் போட்டும். அந்தோணியார் கோயில் திருநாள்ல மைக்குலயே சொல்லியாச்சு, இந்த வருசம் இனிகோ வலது பக்கம்னு. எல்லாரும் கை தட்டுனாவ. இனி மாத்துனா ஊரு சிரிக்கும்லா?”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்டம் தோற்றாயிற்று. இன்று சாயங்காலமும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

காலையில் பயிற்சிக்கு ஒருத்தனும் வரவில்லை. காலி மைதானத்தில் தனியாக நின்று விசில் ஊதியதை மட்டும் கிளீட்டஸ் சொல்லவில்லை.

ஆசான் கோச்சின் இடது காலைத் தூக்கி மடியில் வைத்து எண்ணெய் தடவினார்.

“ஆசானே, அந்தக் கால் இல்ல. வலி இதுல.”

“ம்.”

துணியைச் சுற்ற ஆரம்பித்தார்.

“ஆசானே!”

“வைத்தியம் ஆருக்குத் தெரியும்? எனக்கா, உமக்கா?”

“உங்களுக்குத்தான். ஆனா காலு என்னோடதுலா!”

ஆசான் காதில் வாங்கவே இல்லை. கால் மடங்காமலிருக்க மூங்கில் சிம்பு வைத்து, இன்னும் நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“எந்திச்சு நடயும்.”

கிளீட்டஸ் எழுந்தார். நல்ல கால் மடங்கவில்லை. வீங்கிய கால் தாங்கவில்லை. தொப்பென்று பெஞ்சிலேயே விழுந்தார். வலியில் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

“அவுருங்க ஆசானே இத!”

“அது முடியாது.”

“ஏன் முடியாது?”

“வாசல்ல வைத்தியத்துக்கு வந்த ஆளுவ பாத்துட்டே நிக்காவ. கட்டுனது கட்டுனதுதான். இப்ப அவுத்தா, ஆசானுக்குக் காலு மாறிப்போச்சுன்னு ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போட்டும்! எனக்கு நடக்கணும்!”

ஆசான் அவர் முகத்தையே பார்த்தார்.

சொன்ன கிளீட்டஸின் வாய் அப்படியே திறந்து நின்றது.

வாசலில் யாரோ இருமினார்கள்.

முதலில் கிளீட்டஸின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பெஞ்சே ஆடும்படி சிரித்தார். காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஆசான் குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கிளீட்டஸ் போனை எடுத்தார்.

“லே இனிகோ, சாயங்காலம் நீ எடது பக்கம் எறங்கு.”

அந்தப் பக்கம் பந்து ஒன்று தரையில் தட்டி உருளுவது கேட்டது.

“கோச்… நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“மைக்குல சொன்னீங்களே. ஊரு சிரிக்காதா?”

ஆசான் இப்போது வலது காலைத் தூக்கி மடியில் வைத்திருந்தார்.

“சிரிக்கும். நானும் கூடச் சேந்து சிரிக்கேன். எல்லாரையும் கூட்டிட்டு வா, மக்கா.”