மேடையில் அமர்ந்த நாரை

தொண்டு செய்தவர்களைப் பற்றிக் கதைகள் நிறைய உண்டு. தொண்டைப் பெற்றுக்கொண்டவளின் பெயரை எந்தக் கதையும் கேட்பதில்லை. இந்தக் கதையில் அவள் பெயர் மருதி. அவள் ஒரு நத்தைகுத்தி நாரை.

தாமரைக் குளத்தின் கரையில் விலங்குகளின் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே ஒரு விதி: ஓர் எளிய உயிருக்குத் தொண்டு செய்து, அந்த உயிரை விழா மேடையில் காட்டினால்தான் பட்டம். தொண்டு செய்வது சுலபம். எளிய உயிர் கிடைப்பதுதான் கடினம். ஆகவே, புயலில் சிறகு முறிந்து மருதி குளக்கரையில் விழுந்தபோது, மாணவர்கள் தங்கள் மகிழ்ச்சியை மறைக்கச் சற்றுச் சிரமப்பட்டார்கள்.

தொண்டுக் குழுவின் தலைவன் கீரி. அவன் ஏற்பாட்டில் நாள்தோறும் அவளுக்கு நாவற்பழம் வந்தது.

"தம்பி, நான் பழம் தின்பதில்லை. நத்தைதான் என் உணவு," என்றாள் மருதி.

"நத்தையைத் தொட்டால் கை வழுக்குகிறது, அக்கா. பழமென்றால் கூடையில் பார்ப்பதற்கும் அழகாக இருக்கும்."

"யார் பார்ப்பதற்கு?"

அடுத்த நாள் கூடை பெரிதாக வந்தது. பழத்தை எறும்புகள் தின்றன. மருதி சேற்றில் தானே நத்தை தேடிக்கொண்டாள்.

எலும்பு கூடிவிட்டது. சிறகுக்கு வலுதான் திரும்பவில்லை. எதிர்க்கரை மரங்களில் அவளுடைய கூட்டம் தங்கியிருந்தது. குளம் வற்றத் தொடங்கியதும் அது வடக்கே பெருநதிக்குப் போய்விடும். மாலைதோறும் கூட்டம் வானில் வட்டமிட்டு இறங்குவதை மருதி பார்த்துக்கொண்டே நிற்பாள். அவளை அறியாமல் சிறகு பாதி விரியும். பிறகு மடங்கும்.

ஒருநாள் அவள் குழுவிடம் கேட்டாள்: "எனக்கு ஒரே ஓர் உதவி போதும். மேட்டுக்கரையில் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. அதை அகற்றிக் கொடுங்கள். எதிர்காற்றில் ஓடிச் சிறகைப் பழக்கிக்கொள்வேன். கூட்டத்தோடு போய்விடுவேன்."

"போய்விட்டால் விழாவில் யாரைக் காட்டுவது?" என்றான் முயல்.

உண்மையைச் சொல்லிவிட்டதற்காக மற்றவர்கள் அவனை முறைத்தார்கள்.

"முள் அகற்றுவது நம் திட்டத்தில் இல்லை," என்று பேச்சை முடித்தான் கீரி.

குழுவில் நீர்நாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மறுநாள் விடியலில் அவள் மட்டும் மேட்டுக்கரைக்கு வந்தாள். முட்செடிகளைப் பல்லால் கவ்வி இழுத்துப் போட்டாள். அவள் வாயெல்லாம் கீறல்.

"வலிக்கிறதா, தங்கச்சி?"

"வலிக்காமல் இருக்குமா? என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள், அக்கா."

மருதி ஓடினாள். விழுந்தாள். மறுபடி ஓடினாள். பல விடியல்கள் இப்படியே போயின. ஒருநாள் நாணலின் உயரத்துக்கு எழுந்தாள்.

"மேலே என்ன தெரிகிறது?" என்று கீழிருந்து கேட்டாள் நீர்நாய்.

"பக்கத்து வயல் தெரிகிறது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும் போலிருக்கிறது."

விழா நாள் வந்தது. அன்றே தென்காற்றும் வந்தது. நாரைக் கூட்டம் கிளைகளை விட்டு எழுந்து வட்டமிடத் தொடங்கியது. மருதி மேட்டுக்கரைக்கு விரைந்தாள்.

நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, நீங்கள் மேடைக்கு வராவிட்டால் குழுவில் ஒருவருக்கும் பட்டம் கிடையாதாம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. கொஞ்ச நேரம் வந்து அமருங்கள். முடிந்ததும் நானே உங்களோடு ஓடி வருகிறேன்."

மருதி வானத்தைப் பார்த்தாள். நீர்நாயின் வாயிலிருந்த கீறல்களையும் பார்த்தாள். பிறகு மேடைக்கு நடந்தாள்.

அவள் கழுத்தில் கனத்த தாமரை மாலை விழுந்தது. முதல்வர் காட்டெருமை தொண்டின் பெருமையைப் பேசினார். கீரி முதல்வரின் பெருமையைப் பேசினான். அதற்கு நன்றி சொல்ல முதல்வர் மீண்டும் எழுந்தார். மேலே வட்டம் உயர்ந்தது, சிறுத்தது, வடக்கே சாய்ந்தது.

"இந்தப் பறவையின் நன்றிக் கண்ணீரைப் பாருங்கள்," என்றார் முதல்வர். அனைவரும் கைதட்டினார்கள். நீர்நாய் மட்டும் தலைகுனிந்து நின்றாள். அன்று உண்மையில் கொடுத்தவள் யார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

விழா முடிந்ததும் அவள் சொன்னபடியே மருதியோடு ஓடினாள். மருதி எழுந்தாள், மரங்களுக்கு மேலேயே எழுந்தாள். ஆனால் பின்தொடர வானில் எவருமில்லை. பெருநதிக்கு வழி கூட்டத்துக்குத்தான் தெரியும். அவள் ஒருமுறை சுற்றிவிட்டு இறங்கினாள்.

நீர்நாய் பட்டம் பெற்று ஆற்றூருக்கு வேலைக்குப் போனாள். நாரைக் கூட்டம் மறு ஆண்டு வேறு குளத்தைத் தேர்ந்துகொண்டது. மருதி அந்தக் கரையிலேயே தனியாக வாழ்ந்து, முதுமையடைந்து, இறந்தாள். அதுவரை அவளைக் காட்டிப் பட்டம் பெற்ற குழுக்கள் பல.

வேண்டியது என்னவென்று கேளாமல் செய்யும் தொண்டு, பெறுபவரின் வாழ்வைத் தின்று செய்பவரின் பெருமையை வளர்க்கும்.