சிவசைலத்தின் இரண்டு அப்பாக்கள்

நவமணி டீச்சரிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சிவசைலம்தான் வயதில் மூத்தவர். டீச்சரைவிடவே பத்துப் பன்னிரண்டு வயது கூட. ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

“உட்காருங்க சார், கூச்சமா இருக்கு.”

“குருன்னு ஆனப்புறம் வயசு என்ன டீச்சர்” என்பார். அதையும் நின்றுகொண்டேதான் சொல்வார்.

பாளையங்கோட்டையில் ஒரு நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர் டீச்சர். சிவசைலம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவர் முதன்முதலில் எழுதியது, காலமாகிவிட்ட தன் அப்பா பிச்சையா பிள்ளையைப் பற்றி.

பிச்சையா பிள்ளை எந்த விருந்திலும் குறை சொல்லாமல் கை கழுவியவரில்லை. சொந்த மகன் சிவசைலத்துக்குப் பெண் வீட்டார் வைத்த மறுவீட்டு விருந்தில், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி வந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வரவில்லை. இலையை மூடினார். எழுந்தார். நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். புது மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஃபேஸ்புக்கில் போட்டபோது ஏழெட்டுப் பேர் லைக் போட்டார்கள். அவர்களிலும் பாதிப்பேர் சிவசைலத்துக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்.

முகம் தெரியாத ஒரு பெண்மணி மட்டும் கமெண்ட் எழுதியிருந்தார்: ‘அப்பா எழுந்து போனது கோபத்தினால் இருக்காது. மகளைப் பிரியும் பெண் வீட்டாரின் கண்ணீரைக் காணச் சகிக்காமல் போயிருப்பார்.’

சிவசைலம் யோசித்தார். இருக்கலாமே என்று தோன்றியது.

அடுத்த பதிவில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு ஃபோன் சூடாகிவிட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் ‘எங்கள் அப்பாவும் இப்படித்தான்’ என்று அழுதார்கள்.

அதற்குப் பிறகு அப்பா மழையில் நனைந்த நாய்க்குக் குடை பிடித்தார். பிச்சைக்காரர் ஒருவருக்குச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெயிலில் வெறுங்காலோடு நடந்தார். எறும்புப் புற்றைத் தேடிப் போய்ப் பச்சரிசி மாவு தூவினார். செத்து ஆறு வருஷம் கழித்து, பிச்சையா பிள்ளை பதிவுக்குப் பதிவு திருந்திக்கொண்டே வந்தார்.

ஒவ்வொன்றையும் சிவசைலம் தன் அம்மா உலகம்மாளுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒருநாள் கண்ணைத் திறந்தாள்.

“எய்யா, இவுக யாரு?”

“அப்பாதாம்மா.”

“நல்ல மனுசனா இருக்காவளே” என்றாள் உலகம்மாள். “இவுகளையே கட்டியிருக்கலாம் போலிருக்கே.”

சிவசைலம் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் ஒரு பதிப்பாளர் வந்துவிட்டார். புத்தகத்துக்குத் தலைப்பும் அவரே வைத்தார்: ‘என் தெய்வத்துக்குச் செருப்பில்லை’. வெளியீட்டு விழாவில் அப்பாவின் படத்துக்கு வாசகர்கள் மாலை போட வேண்டும் என்றார். சிரித்த முகமாக ஒரு படம் கேட்டார்.

வீட்டில் அப்படி ஒரு படமே இல்லை. எல்லாப் படத்திலும் பிச்சையா பிள்ளை போட்டோக்காரரை முறைத்துக்கொண்டிருந்தார்.

“கவலையை விடுங்க சார், கம்ப்யூட்டர்ல சிரிக்க வச்சிரலாம்” என்றார் பதிப்பாளர். இரண்டொரு நாளில் படமும் வந்தது. சிவசைலம் பார்த்தார். பல் தெரியச் சிரித்தபடி யாரோ ஒரு ஜவுளிக்கடை முதலாளி இருந்தார்.

வருவதாக முன்பே சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சிவசைலம் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“வாசகர்களைப் பிடிச்சா அப்பா போயிடுதார் டீச்சர். அப்பாவைப் பிடிச்சா வாசகர்கள் போயிடுவாங்க. ரெண்டு பேரையும் எப்படி வச்சுக்கிடுறது?”

“சாப்பிடுவோமா சார்?” என்றார் டீச்சர்.

டீச்சரின் கணவர் தங்கையா கரண்டியோடு வெளியே வந்தார். பிள்ளைமார் வீட்டு ஆள் விருந்துக்கு வருகிறார் என்று, வாழ்க்கையில் முதன்முறையாகச் சொதி வைத்திருந்தார். காலையிலிருந்து செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வைத்தது. அவரே இலை போட்டுப் பரிமாறினார். பக்கத்திலேயே நின்றார்.

சிவசைலம் ஒரு வாய் சாப்பிட்டு, “அருமை” என்றார்.

“உங்க அப்பா இங்க உட்கார்ந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டார் டீச்சர்.

சிவசைலம் குரலைக் கனிவாக்கிக்கொண்டார். “‘சமைத்த கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும்’னு சொல்லி, கண் கலங்கி...”

“இது எந்த அப்பா?”

“புத்தகத்துல உள்ளவர்.”

“அவருக்கு நாங்க இலை போடலை. இன்னொருத்தர் இருந்தாரே, அவர் என்ன சொல்வார்?”

சிவசைலம் தங்கையாவைப் பார்த்தார். வேண்டாம் டீச்சர் என்றார். டீச்சர் அப்பளத்தை நொறுக்கினார்.

சிவசைலம் இலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் இடது புருவம் ஏறியது.

“ஏ, இது என்னவே?”

தங்கையா திடுக்கிட்டு, “சொதி” என்றார்.

“சொதியா? காய்கறி எல்லாம் தேங்காப்பால்ல குளிச்சிட்டு ஏறிப் போயிருக்கு. பாசிப்பருப்பு எங்க? லீவுல போயிருக்கா?”

“போட்டிருக்கேனே.”

“போட்டா போட்ட மாதிரி இருக்கணும்லா? சரி, இஞ்சிப் பச்சடி எங்க?”

“அது... வீடியோவுல சொல்லலையே.”

“வீடியோ பாத்துச் சொதி வைக்கிறவன் வீட்டுல கை நனைக்க வந்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!”

தங்கையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பெரியவரே, காலையிலேர்ந்து கால் கடுக்க நின்னு வச்சிருக்கேன். வாய்க்கு வந்தபடி பேசாதீங்க.”

“வாய்க்கு வந்ததைத்தான் பேச முடியும். உம்ம சொதிதான் வாய்க்குள்ள போக மாட்டேங்குதே.”

“பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போங்க!”

“நீ சொல்லியா நான் வந்தேன், நீ சொல்லிப் போறதுக்கு?”

சொன்னாரே தவிர, இலையை மூடினார். எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார். டீச்சர் தடுக்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் சிவசைலத்துக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது. அப்பா அப்படித்தான் நிற்பார். மறுவீட்டு விருந்தன்றைக்கும் அப்படித்தான் நின்றார்.

அன்றைக்கு மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் நின்ற மகனை அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீ சாப்பிட்டியால?”

“இல்லப்பா.”

“முட்டாப்பயலே, ரெண்டாம் பந்தி முடிஞ்சிரும். ஓடு, போய்ச் சாப்பிடு.”

அதை அவர் எந்தப் பதிவிலும் எழுதியதில்லை. நினைவிலேயே இல்லாமல் போயிருந்தது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், சொதி காய்ந்த கையோடு, பஸ் ஸ்டாப்பில் நின்று விக்கி விக்கி அழுதார்.

ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“ஏறுதீங்களா, அழுதுட்டு வாரீங்களா?”

டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய், உட்கார்ந்து எழுதினார். நாய்க்குக் குடை பிடித்தது பொய், செருப்பைக் கொடுத்தது பொய் என்று முதலிலேயே சொன்னார். பிறகு மறுவீட்டு விருந்தை, பஸ் ஸ்டாப் வரைக்கும், நடந்தது நடந்தபடி எழுதினார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

உலகம்மாள் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

“தப்பு” என்றாள்.

“என்னம்மா தப்பு?”

“இஞ்சிப் பச்சடி வச்சிருந்தாவ. அதுல வெல்லம் பத்தலை. அதுக்குத்தான் எந்திரிச்சாவ. சும்மா அவுகளைப் பத்திப் பொய் எழுதாத.”

சிவசைலம் திருத்தினார். அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பஸ் ஸ்டாப் இடம் வந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வரட்டும், பேசிக்கிடுதேன்” என்றாள். யார் வரவேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

திருத்தியதைச் சிவசைலம் ஃபேஸ்புக்கில் போட்டார். மறு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சிவசைலம் டீச்சரிடம் வந்தார்.

“தங்கையா சாருக்கு இன்னும் கோவமா டீச்சர்?”

“உங்க மேல இல்ல. உங்க அப்பா மேலதான். ராத்திரி படுக்கிறப்பகூட ‘பருப்பு போட்டேன்ல, போட்டேன்ல’ன்னு கேட்டுக்கிட்டிருக்கார்.”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார்: “புத்தகம் வேண்டாம்னுட்டாங்க. தலைப்புக்கு ஏத்த அப்பா இல்லையாம்.”

“வாசகர்கள்?”

“முக்கால்வாசிப் பேர் போயாச்சு. மனசு புண்பட்டுப் போச்சாம். எங்க அப்பாவை நான் கேவலப்படுத்திட்டேனாம்.”

“இருக்கிறவங்க?”

“அடிச்சுக்கிடுதாங்க டீச்சர். வெல்லம் பத்தலைன்னு ஒரு மனுசன் எந்திரிச்சுப் போகலாமான்னு ஒரு கட்சி. போகாம என்ன செய்யணும்ங்கிறீங்கன்னு இன்னொரு கட்சி. அப்பாவை நேர்ல பார்த்தா நாலு கேள்வி கேட்கணும்னு மதுரையிலேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்கார்.”

டீச்சர் சிரித்தார். சிவசைலத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை.

“போனவங்க திரும்பி வருவாங்களா டீச்சர்?”

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“வருவாங்களோ என்னவோ சார். வந்தா உள்ள விடுவாரான்னு உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கிடுங்க.”