பட்டதாரியைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் மூக்கணாம்புதூர்க்காரர்கள் காதில் விழுந்துவிடும். விழுந்தாலும் கோபிக்க மாட்டார்கள். தங்கள் கதைதான் என்று தெரியாமல் அவர்களும் வந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். அப்புறம் நமக்கு இடம் பத்தாது.

அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் மாட்டுத் தரகர்கள். மாட்டைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். என்ன ஒன்று, எதைப் பார்த்தாலும் மாட்டைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார்கள்.

நாச்சிமுத்துவும் அப்படித்தான். அவருடைய ஒரே மகள் சுகிர்தாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தகவல் அமைப்புகள் என்று படிப்பு. ஒரு கம்பெனியின் சரக்கு, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஒழுங்கு பண்ணி வைக்கிற வேலைக்கானது. நாலு வருசத்துக்கு நாலு லட்சம் கடன் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கடன் வாங்கினால் கழுத்து நெரியும், வாங்காவிட்டால் பிள்ளை முகத்தில் முழிக்க முடியாது.

பேங்க் மேனேஜரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ஐயா, பயப்படாதீங்க. இதே படிப்புப் படிச்ச ஒருத்தரைப் போய் நல்லாப் பாருங்க. அவருக்கு மாசம் என்ன வருது, கடனுக்கு என்ன போகுது, மிச்சம் என்ன நிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

நல்லாப் பாருங்க என்று சொன்ன பிறகு சும்மா போக முடியுமா? பொங்கியண்ணனையும் சென்னியப்பனையும் கூட்டிக்கொண்டார். பொங்கியண்ணன்தான் ஊருக்கே அறிவாளி. சுவர்க் கடிகாரம் நின்றுபோனபோது, "பாவம், எத்தனை வருசமா நிக்காம ஓடியிருக்குது" என்று அதை இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தவர்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லோகேஸ்வரன் என்று ஒரு பையன், அதே படிப்பு படித்தவன், வேலை பார்த்தான். மூன்று பேரும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வெகு நேரம் பார்த்தார்கள்.

"வந்ததிலிருந்து எந்திரிக்கவே இல்லியே," என்றார் நாச்சிமுத்து கவலையாக. "படுத்த மாடோ?"

"படுக்கல அண்ணா, உக்காந்துதான் இருக்குது," என்றான் சென்னியப்பன். "கண்ணுக்கு ஏதோ மாட்டி விட்டிருக்காங்க. செக்குமாட்டுக்குக் கண்ணு கட்டறதாட்ட இருக்குது."

பையன் வெளியே வந்தான். "வாங்க, என்ன வேணும்?" என்று சிரித்தானோ இல்லையோ, பொங்கியண்ணன் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கினார்.

"பல்லெல்லாம் மொளைச்சிருச்சு. நல்ல வயசு. ஏன் தம்பி, நாளைக்கு எவ்வளவு நேரம் உழைப்பீங்க?"

"ப... பத்து மணி நேரம் ஆகும்ங்க."

"தீனி?"

"மத்தியானம் ஒரு டப்பா தயிர் சோறு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீனி கம்மி, உழைப்பு ஜாஸ்தி. நல்ல சாதி!

"கொஞ்சம் அந்தத் தூண் வரைக்கும் நடந்து காட்டுங்க," என்றான் சென்னியப்பன். பையன் நல்ல பையன். நடந்து காட்டினான்.

"சம்பளம் எவ்வளவு தம்பி?"

"அதை வெளிய சொல்லக் கூடாதுங்க. கம்பெனி சட்டம்."

"வாயால எதுக்குச் சொல்லோணும்?" என்று பொங்கியண்ணன் தோள் துண்டை உதறி இருவர் கையையும் மூடினார். சந்தையில் அப்படித்தானே விலை பேசுவது? யாருக்கும் தெரியாமல், துண்டுக்குள்ளே, விரலைப் பிடித்து. பையனும் விளையாட்டாக முதலில் ரெண்டு விரலும் பிறகு எட்டு விரலும் கொடுத்தான். இருபத்தெட்டாயிரம்.

பொங்கியண்ணன் கண் விரிந்தது. சட்டென்று ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து அச்சாரமாகப் பையன் சட்டைப் பையில் திணித்தார். டீச்செலவுக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பஸ்ஸில்தான் விஷயத்தை உடைத்தார். "நாச்சி, நீ பொழைச்சுக்கிட்டே. நாலு லட்சம் கடன் வாங்கி, நாலு வருசம் பிள்ளையைப் படிக்க வெக்கிறதா? படிச்சு முடிச்ச ஆளே இருபத்தெட்டாயிரத்துக்கு வருது!"

நாச்சிமுத்து யோசித்தார். உழவு பழகின மாடு கைக்கெட்டும் விலையில் இருக்கும்போது கன்றுக்குட்டியை வாங்கி எவன் வளர்ப்பான்? பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மகளையும் பொங்கியண்ணனையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய், "அம்மிணி, நாலு லட்சம் வேண்டாம். இருபத்தெட்டாயிரம் குடுங்க போதும். ஆளை ஓட்டிட்டு வாரதுக்குச் சென்னியப்பன் புதுக்கயிறோட போயிருக்கான்," என்றார். எங்கள் பக்கத்துச் சந்தை வழக்கம் அது. மாடு கைமாறினாலும் பழைய கயிறு விற்றவனுக்குத்தான். வாங்கினவன் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும்.

மேனேஜரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுகிர்தாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் தரகர் மகள் அல்லவா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, அது விலையில்ல, கறவை. மாசாமாசம் இருபத்தெட்டாயிரம் கறக்குது. நம்ம நாலு லட்சத்துக்கு மாசம் ஏழாயிரம், கடன்ங்கற தீவனத்துக்குப் போகும். மிச்சம்?"

"இருபத்தொண்ணு," என்றார் நாச்சிமுத்து. முகம் மலர்ந்து மேனேஜரம்மா பக்கம் திரும்பினார். "தீவனம் போக மிச்சம்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் திருப்பூருக்கே போயிருக்க மாட்டனே, அம்மிணி!"

"அப்ப அச்சாரம் குடுத்த மாடு?" என்றார் பொங்கியண்ணன்.

"ஒத்தை மாட்டுல ஏர் பூட்டுவீங்களா, பெரியப்பா? ரெண்டாவதா நானும் படிச்சு வரோணுமில்ல?"

பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பிள்ளை சொல்றது நாயம். கையெழுத்துப் போடு நாச்சி."

கடன் வந்தது. பணமும் கட்டியாயிற்று. திருப்பூர்ப் பையன் அச்சார நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, சென்னியப்பனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

கல்லூரி திறந்த அன்று எல்லோரும் போனார்கள். ஆபீசில் சுகிர்தாவுக்குப் படம் ஒட்டிய அட்டை ஒன்றை நீலக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற அப்பாவிடம் காட்ட ஓடி வந்தாள். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கியண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லூரிப் பேர் பெரிதாகவும், பிள்ளை பேர் சிறிதாகவும் இருந்தது.

"சரிதான், கைமாறிருச்சு," என்று பெருமூச்சு விட்டார்.

பிறகு, கயிறு விற்றவனுக்கு என்ற சந்தை வழக்கம் தவறக் கூடாது என்று, பிள்ளை கழுத்திலிருந்து கயிற்றை அட்டையோடு பதனமாகக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு, "அட்டை இல்லாம உள்ளே விட முடியாதும்மா" என்று வாட்ச்மேன் சொல்வது காதில் விழாமல், புறப்பட்ட பஸ்ஸில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்.